மலைநாட்டு மோட்டார் வண்டிக்குக் குதிரைவலு கூட்டலாமா?



சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியா நகரம் புதுக்கோலம் பூண்டுவிடும். கிரகரி வாவிக் கரையிலே மக்கள் திரள்வார்கள். பூங்காக்களிலே மலர்கள் நிறைந்திருக்கும். இவற்றுக்கிடையே தேயிலைமலைச் சரிவுகளிலிருந்து ஒரு பேரொலி கேட்கும். அது மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தின் ஒலி. 1934ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயம் இலங்கை மோட்டார்ப் பந்தயங்களுள் மிகப் பழைமையானது. தேயிலைத் தோட்டத்தினூடே வளைந்தேறும் பாதையிலே வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிட்டு, உச்சியை நோக்கிப் பாய்ந்து செல்லும். அதனைக் காண்பதற்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக வருவார்கள்.

பந்தயம் முடிந்து வீடு திரும்பும் இளைஞர் சிலரது உள்ளத்திலே ஓர் ஆசை முளைப்பது இயல்பே. "நமது வண்டியையும் இப்படி மாற்றியமைத்தால் என்ன?" என்பதே அந்த ஆசை. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் சாரதிக்கு இந்த ஆசையோடு ஒரு குறையும் சேர்ந்துகொள்கிறது. அவர் வண்டி திருத்துமிடத்துக்குச் சென்று, "பாஸ், வண்டி ஏற்றத்தில் இழுக்குதில்லை, எஞ்சினுக்கு ஏதாவது செய்து பவர் கூட்ட முடியாதா?" என்று கேட்கிறார். அனுபவம் மிக்க திருத்துநர் உடனே விடை கூறுவதில்லை. "தம்பி, முதலில் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், இருக்கிற பவர் எங்கே போயிற்று என்று பார்ப்போம்" என்கிறார். இன்று நான் கூறவிருக்கும் கருத்து முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதனை விரித்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் குதிரைவலு என்பது யாது எனத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்பதை வாங்குவோருக்கு விளக்குவதற்காக வகுத்த அளவு அது. ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் எடையை ஓர் அடி உயர்த்தும் ஆற்றலே ஒரு குதிரைவலு. இக்கால அளவையிலே அது ஏறத்தாழ 746 வாற்று ஆகும். நமக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தைக் கொள்வோம். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு தாய், 15 கிலோகிராம் கொழுந்தைச் சுமந்துகொண்டு, நிமிடத்துக்குப் பத்து மீற்றர் உயரம் என்ற கணக்கிலே மலையேறுகிறாள் எனின், அவள் செலுத்துவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குதிரைவலு. அதே சுமையை இரு மடங்கு நேரத்தில் ஏற்றினாலும் வேலை ஒன்றே. வலு மட்டும் பாதியாகிறது. ஆகவே, குதிரைவலு என்பது மலையேற முடியுமா என்னும் வினாவுக்கு விடையன்று. எவ்வளவு விரைவில் ஏற முடியும் என்னும் வினாவுக்கே விடையாகும். இவ்வேறுபாட்டை மனத்திலிருத்தினால் எஞ்சிய யாவும் எளிதாகிவிடும்.

இனி, மலைநாட்டில் வண்டி ஏன் சோர்வடைகிறது என்பதைப் பார்ப்போம். எஞ்சினுக்கு உணவு பெற்றோல் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது உண்பதிலே பெரும்பகுதி காற்றே. ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர்ந்த காற்றுச் சற்று அடர்த்தியானது என்பதால் இழப்பு ஓரளவு ஈடாகிறது. எனினும், கொழும்பின் வெப்பக் காற்றோடு ஒப்பிட்டால் நுவரெலியாக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே, கொழும்பிலே 48 குதிரைவலு தரும் எஞ்சின் நுவரெலியாவிலே 40 குதிரைவலுவையே தரும். வண்டியில் யாதொரு பழுதும் இல்லை. மலைக்காற்று எடுத்துக்கொண்ட தீர்வை அது.

அவ்வாறாயின், எஞ்சியுள்ள நாற்பது குதிரைவலு போதாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோகிராம் எடையுள்ள சிறு காரொன்று, நூற்றுக்கு எட்டு என்ற சாய்வுள்ள ஏற்றத்திலே, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏற வேண்டுமென வைத்துக்கொள்வோம். எடையை உயர்த்துவதற்கும் சக்கரங்களின் உராய்வை வெல்வதற்குமாகச் சேர்த்துத் தேவைப்படுவது ஏறத்தாழ பன்னிரண்டு குதிரைவலுவே. பல்லிணைப் பெட்டியில் வீணாவதையும் கூட்டினாலும் பதினைந்தைத் தாண்டாது. இலங்கை மக்கள் இன்றும் அன்போடு பேணிவரும் மொறிஸ் மைனர் காரை நினைத்துப் பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் வந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் வலு 30 குதிரைகள்தான். 1962இல் வந்த 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கே 48 குதிரைகள் வாய்த்தன. அந்த முப்பது குதிரைகளைக் கொண்டே அக்காலத்தவர் இம்மலைகளில் ஏறி இறங்கினார்கள். இன்றைய மிகச் சிறிய காரும் அதனினும் வலியது.

இங்கே பல்லிணையின் பயனையும் மறத்தலாகாது. வண்டியைத் தள்ளுவது சக்கரத்தில் உண்டாகும் முறுக்குவிசை. கீழ்க் கியருக்கு மாற்றினால், எஞ்சின் கூடுதலாகச் சுழன்று, வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கித் தருகிறது. ஏற்றத்தின் நடுவிலே எஞ்சின் திணறி, வண்டி அதிரும் வரை மேற்கியரிலேயே பிடிவாதமாக ஓட்டிவிட்டு, "வண்டி இழுக்குதில்லை" எனக் குறைகூறுவது, கொழுந்துக் கூடையோடு செங்குத்தான படியில் ஓடிவிட்டு மூச்சு வாங்குகிறது என்று வருந்துவதை ஒக்கும். சாய்வு தொடங்குவதற்கு முன்னரே கியரை இறக்குதல், செலவில்லாமல் கிடைக்கும் முதலாவது திருத்தம்.

அப்படியும் வண்டி சோர்ந்தால், அதற்குரிய வலு எங்கோ கசிகிறது என்பதே பொருள். தூசியடைந்த காற்று வடிகட்டி, தேய்ந்துபோன பிளக்குகள், வழுக்கும் கிளச்சு, சற்றே பற்றிக்கொண்டு விடாதிருக்கும் பிறேக், காற்றுக் குறைந்த ரயர், தேய்ந்த முசலவளையங்களால் குன்றிய சிலிண்டர் அமுக்கம், அடைபட்ட புகைக்குழாய் ஆகிய இவை ஒவ்வொன்றும் சில குதிரைகளை அவிழ்த்துவிட்டிருக்கும். பழைய காபுரேற்றர் வண்டிகளில் இன்னொரு காரணமும் உண்டு. தாழ்நிலத்துக்கென அமைக்கப்பட்ட காபுரேற்றர், காற்று மெலிந்த உயரத்திலும் ஏறக்குறைய அதே அளவு பெற்றோலை ஊற்றுகிறது. அதனாலே கரும்புகை எழுகிறது, வலு குன்றுகிறது. மலைநாட்டிலேயே ஓடும் வண்டியாயின் சற்றுச் சிறிய துளையுள்ள ஜெற்றைப் பொருத்துவது பயன் தரும். பெற்றோலைப் பீச்சும் முறையிலமைந்த புதிய வண்டிகள் உணரிகளின் துணையால் இதனைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால், அவ்வுணரிகளில் ஒன்று பழுதடைந்தாலும் நோய் திரும்பிவிடும். இழந்ததை மீட்டல் என்பது இதுவே. அனுபவமிக்க திருத்துநர் முதலில் தேடுவதும் இதனையே.

இனி, புதிதாக வலு கூட்டும் வழிகளை நோக்குவோம். காற்று வடிகட்டியையும் புகைக்குழாயையும் மாற்றுவது முதலாவது வழி. ஒலி பெரிதாகும், வலு சில வீதமே கூடும். வலு கூடியதென்று நாம் நம்புவது பெரும்பாலும் காதின் மயக்கம். இரண்டாவது வழி, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியின் கணக்குகளைத் திருத்துவது. மூன்றாவது, வால்வுகளை இயக்கும் கேம் தண்டை மாற்றுவது. நான்காவது, டேர்போ எனப்படும் காற்றமுக்கியைப் பொருத்துவது. வீணே வெளியேறும் புகையின் விசையினால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதனைக் கொண்டு மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் இம்முறைக்குச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். மலைக்காற்றின் குறையை உண்மையில் ஈடுசெய்வது இதுவே. தொழிற்சாலையிலேயே டேர்போ பொருத்தி வரும் டீசல் வண்டிகள் உயரத்தில் அவ்வளவாகச் சோர்வதில்லை என்பதைச் சாரதிகள் அறிவர்.

ஆயினும், டேர்போவுக்கென வகுக்கப்படாத எஞ்சினிலே அதனைக் கொண்டுவந்து பொருத்துவது வேறு கதை. எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் ஓர் அளவுக்கென ஆக்கப்பட்டது. வலுவைக் கூட்டினால் முசலங்கள் தாங்க வேண்டும்; சிலிண்டர்த் தலையின் கஸ்கெற் தாங்க வேண்டும்; கிளச்சும் பல்லிணைப் பெட்டியும் அச்சுத்தண்டுகளும் தாங்க வேண்டும்; றேடியேற்றர் மிகுதியான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நுவரெலியாவின் உயரத்திலே திறந்த பாத்திரத்திலுள்ள தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும் என்பதையும் இங்கே நினைவிற் கொள்க. றேடியேற்றரின் அமுக்க மூடி பழுதானால் அந்தக் கொதிப்பை எஞ்சின் உடனே உணரும். ஆக, ஒன்றை மாற்றியவர் ஒன்பதை மாற்ற நேரிடும். திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே, அளவுமீறிய பாரத்துக்கு வண்டியின் அச்சினையே உவமையாகக் கொண்டார். இன்றைய திருத்துமிடத்துக்கும் அந்த உவமை பொருந்துகிறது.

மலைநாட்டார் சிறப்பாக அறிய வேண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. மெலிந்த காற்றிலே சிலிண்டரின் அமுக்கம் குறைவாக இருப்பதால், தீப்பொறியை முன்கூட்டியே எழுப்பும்படி எஞ்சினைச் சற்றுக் கடுமையாக முடுக்கிவைத்தாலும் அது உயரத்தில் பொறுத்துக்கொள்ளும். 92 ஒக்ரேன் பெற்றோலிலும் தட்டும் ஓசை கேளாது. ஆனால், அதே வண்டி கொழும்புக்கு இறங்கியதும் அடர்ந்த, வெப்பமான காற்றை உட்கொள்கிறது. எரிவாயு உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து முசலத்தைச் சம்மட்டியால் அடிப்பது போலத் தாக்குகிறது. மலையிலே நன்றாக ஓடிய எஞ்சின் தாழ்நிலத்திலே உடைவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

சரி, பொருளைச் செலவிட்டு வலுவைக் கூட்டிவிட்டோம். அதனால் நேரம் எவ்வளவு மிஞ்சும்? சமவெளியில் அதிவேகமாக ஓடும்போது, காற்றின் எதிர்ப்பை வெல்வதற்குத் தேவையான வலு வேகத்தின் மும்மடியாக வளர்கிறது. ஆகவே, வலுவை நூற்றுக்கு இருபது கூட்டினாலும் உச்ச வேகம் நூற்றுக்கு ஆறளவே கூடும். மலைப்பாதையிலோ வேகத்தை நிர்ணயிப்பது எஞ்சின் அன்று, வளைவே. பதினைந்து மீற்றர் ஆரையுள்ள கொண்டையூசி வளைவொன்றிலே, பயணிகள் சரிந்துவிடாமல் செல்லத்தக்க வேகம் மணிக்கு 28 கிலோமீற்றரளவுதான். எஞ்சின் நாற்பது குதிரையாயினும் நானூறு குதிரையாயினும் இந்த எண் மாறாது. மழை பெய்தால் இன்னும் குறையும். இரு வளைவுகளுக்கிடையே இருநூறு மீற்றர் நேர்வழி இருந்தால், சராசரி 36 கிலோமீற்றரில் செல்பவர் அதனை இருபது விநாடியில் கடப்பார். 40 கிலோமீற்றரில் செல்பவர் பதினெட்டு விநாடியில் கடப்பார். மிஞ்சிய இரு விநாடிகளும் அடுத்த வளைவிலே தேயிலை ஏற்றிச் செல்லும் ஒரு லொறியின் பின்னால் கரைந்துவிடும்.

இதுவரை ஏற்றத்தைப் பற்றியே பேசினோம். மலைநாட்டில் உயிரோடு தொடர்புள்ள கணக்கு இறக்கத்திலேதான் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி, ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தை இழக்கிறது. ஓராயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் அவ்வாறு இறங்கும்போது விடுபடும் சக்தி, 40 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இச்சக்தி எங்கே செல்லும்? ஒரு பகுதியைக் காற்றும் சக்கர உராய்வும் ஏற்கும். கீழ்க் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சினே உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறன்றி மேற்கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால், அவ்வெப்பம் யாவும் உள்ளங்கையளவான பிறேக் பட்டைகளின் மேல் விழும். மேலும், மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்துவதைக் காட்டிலும், 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு இரண்டேகால் மடங்கு சக்தியைப் பிறேக் விழுங்க வேண்டும். வலு கூட்டிய வண்டி வளைவை அணுகும் வேகம் எப்போதும் கூடுதலானது, பிறேக்கோ பழையது.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. மூன்றாம் தரப் பிறேக் எண்ணெயின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை. ஈரமேறிய பின் அது 140 பாகை வரை தாழலாம். பனியும் மழையும் மிகுந்த நுவரெலியாவிலே இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றினால், மிதி தரை வரை இறங்கும், வண்டி நில்லாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிறேக் மிதியை இலகுவாக்கும் துணைக்கருவி, வளியமுக்கத்துக்கும் எஞ்சினின் உறிஞ்சலால் உண்டாகும் வெற்றிடத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டே இயங்குகிறது. மலையிலே வளியமுக்கம் இயல்பாகவே குறைவு. கடுமையான கேம் தண்டைப் பொருத்தினால் அந்த வெற்றிடமும் குறைகிறது. வலுவைக் கூட்டிய கை, அறியாமலே பிறேக்கின் வலிமையைக் குறைத்துவிடுகிறது.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாளை மலையக மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். நானுஓயாவுக்கு அண்மையிலே, றதல்லைக் குறுக்கு வீதியின் செங்குத்தான இறக்கத்தில், பேருந்தொன்று வேனொன்றோடும் முச்சக்கர வண்டியொன்றோடும் மோதி, ஏழு உயிர்கள் பிரிந்தன. அந்த வீதியை அறிந்தவர் எவரும், மலைப்பாதையிலே வண்டிக்கு முதலிற் தேவைப்படுவது ஏறும் வலுவா, நிற்கும் வலுவா என்று இருமுறை கேட்கமாட்டார்கள்.

செலவைப் பற்றியும் சில சொற்கள். 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு உயர்ந்தது. அப்போது தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. இரு லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பை விழுங்கிற்று. அதன்பின் வந்த பங்கீட்டு முறையிலே, தொடக்கத்தில் காருக்கு வாரத்துக்கு இருபது லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு ஐந்து லீற்றரும் கிடைத்தன. அக்காலத்திலே குதிரைவலு மிக்க வண்டியை வைத்திருந்தவர் பெருமைப்படவில்லை; ஒரு லீற்றரில் கூடுதலான தூரம் ஓடும் வண்டியை வைத்திருந்தவரே நிம்மதியடைந்தார். கடன் வாங்கி வண்டியோட்டும் இளைஞர், வலு கூட்டுவதற்கு மேலும் கடன்படுமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகை கொடுக்கும் பயணி, எஞ்சினின் வலுவுக்கென ஒரு சதமேனும் மிகுதியாகக் கொடுப்பதில்லை. பழுதடைந்து நிற்கும் நாளுக்கோ வருமானமே இல்லை.

சட்டமும் இதிற் சம்பந்தப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், வண்டியின் எஞ்சின் இலக்கம் முதலிய விவரங்கள் பதிவுக்குரியவை. எஞ்சினை மாற்றியவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். 2008ஆம் ஆண்டில் அறிமுகமான புகைப் பரிசோதனையிலும் வண்டி தேற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்குக் கூறாமல் செய்த மாற்றம், விபத்து நேரும் நாளிலே இழப்பீட்டுக்கு இடையூறாக வந்து நிற்கக்கூடும்.

அப்படியானால், வலு கூட்டுவது எவருக்குமே தகாததா? அவ்வாறு கூறுவது நேர்மையாகாது. மஹகஸ்தோட்டையிலே போட்டியிடுவோருக்கு அது தகும். அவர்கள் வாங்குவது விநாடிகளை. அவற்றை அளப்பதற்குக் கடிகாரம் இருக்கிறது. பாதை மூடப்பட்டிருக்கிறது, எதிரே வண்டி வராது, ஒரு நேரத்தில் ஒருவரே ஓடுகிறார். தலைக்கவசமும் உடலைப் பிணைக்கும் பட்டிகளும் வண்டிக்குள் இரும்புக் கூண்டும் அவரைக் காக்கின்றன. அவர் எஞ்சினுக்குச் செய்யும் செலவோடு, பிறேக்குக்கும் ரயருக்கும் செய்யும் செலவையும் சேர்த்தே கணக்கிடுகிறார். நாம் பந்தயத்தைப் பார்க்கும்போது எஞ்சினின் ஒலியையே கேட்கிறோம். பிறேக்கின் செலவு நம் காதிலே விழுவதில்லை.

மலையேற்றப் பந்தயத்திலே உலகப் புகழ்பெற்றது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் சிகரப் பந்தயம். 1916இல் தொடங்கிய அப்பந்தயத்தின் முடிவெல்லை 4,302 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே பெற்றோல் எஞ்சின்கள் தம் வலுவிலே ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை இழக்கின்றன. 2018ஆம் ஆண்டில், எட்டு நிமிடத்துக்குட் சிகரத்தை எட்டிய முதலாவது வண்டி என்னும் பெருமையைப் பெற்றது ஒரு மின்சார வண்டி. மின்மோட்டாருக்குக் காற்று வேண்டியதில்லை; ஆகவே மலை அதனிடமிருந்து வலுவைப் பறிக்க முடியவில்லை. காற்றோடு போராடுவதைக் காட்டிலும் காற்றே தேவைப்படாத வழியைத் தேடுவது அறிவுடைமை என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இந்த உண்மை நம் வீதிகளுக்கும் வந்துவிட்டது. பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்தியங்கும் கலப்பு வண்டிகள் பல மலைநாட்டிலே ஓடுகின்றன. இறக்கத்திலே வெப்பமாக வீணாகும் சக்தியை அவை மின்னாக்கிச் சேமிக்கின்றன. ஆனால், ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். நுவரெலியாவிலிருந்து கம்பளை வரையிலான இறக்கத்தின் சக்தி நான்கு கிலோவாற்று மணிக்குச் சற்றுக் குறைவானது. சிறிய கலப்புக் காரொன்றின் மின்கலமோ ஒரு கிலோவாற்று மணியளவே கொள்ளும். பாதிவழியிலேயே மின்கலம் நிரம்பிவிட்டால், எஞ்சிய சுமை மீண்டும் பிறேக்கின் மேலேயே விழும். இதற்காகவே கியர்ப் பிடியில் 'பி' என்னும் நிலை அமைக்கப்பட்டுள்ளது. நீண்ட இறக்கத்திலே அதனைப் பயன்படுத்துவோர் சிலரே.

எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கோடு நியூட்ரலில் இறங்குவோருக்கும் ஒரு சொல். பெற்றோலைப் பீச்சும் முறையிலுள்ள வண்டி, கியரில் இருக்கையில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், பெற்றோலை முற்றாகவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருப்பதற்காகத் தொடர்ந்து பெற்றோலை எரிக்கிறது. ஆகவே, நியூட்ரலில் இறங்குபவர் பெற்றோலையும் இழக்கிறார். எஞ்சின் தரும் தடுப்பையும் இழக்கிறார்.

இம்மலைகளிலே புகையிரதப் பாதை அமைத்தவர்களின் மதிநுட்பத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். 1885இல் நானுஓயாவை எட்டிய அப்பாதையிலே, ஏற்றத்தை 44க்கு ஒன்று என்ற சாய்வுக்குள் அடக்குவதற்காக, மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்தார்கள், குகைகளைக் குடைந்தார்கள். எஞ்சினின் வலுவை மட்டும் நம்பி மலையை நேரே எதிர்த்து ஏற முற்படவில்லை. மலையின் இயல்பை அறிந்து, அதற்கேற்பப் பாதையை வகுத்தார்கள். சாரதியும் தம் கியராலும் நிதானத்தாலும் அதனையே செய்யலாம்.

நேயர்களே, முடிவாக ஒரு காட்சியை உங்கள் முன் வைக்கிறேன். ஜனவரி மாதத்து நள்ளிரவு. புல்நுனியிலே உறைபனி படிந்திருக்கிறது. லயத்திலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை. தோட்டத்திலுள்ள ஒரே வண்டிக்காரரின் கதவைத் தட்டுகிறார்கள். "அண்ணே, எழும்புங்க, அக்காவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்ற குரல் கேட்கிறது. அந்த வேளையிலே அந்த வண்டியிடம் அக்குடும்பம் எதிர்பார்ப்பது யாது? திறப்பைத் திருகியதும் குளிரிலும் எஞ்சின் உயிர்பெற வேண்டும். அதற்கு நல்ல மின்கலம் வேண்டும். மூடுபனியிலே விளக்கு ஒளிர வேண்டும். ஈரமான வளைவிலே ரயர் வழுக்காதிருக்க வேண்டும். தோட்டப் பாதையின் இறக்கத்திலே மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் கூடுதலான குதிரைவலு கொடுக்காது. அதற்கென ஒதுக்கிய பணமோ இவை யாவற்றையும் கொடுக்கும்.

ஆகவே, "வலு கூட்டலாமா?" என்று கேட்கும் தம்பிமாருக்கு என் விடை இதுவே: இழந்த வலுவை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள், அடுத்து நிற்கும் வலுவைக் கூட்டுங்கள், இரண்டும் நிறைவேறிய பின்னரும் கையிலே பணமும் மனத்திலே ஆசையும் எஞ்சியிருந்தால், சித்திரையிலே மஹகஸ்தோட்டைக்குப் போங்கள். அங்கே மூடிய பாதையிலே ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். மற்றைய நாட்களில் நம் மலைவீதி எல்லோருக்கும் பொதுவானது.